உடம்பெல்லாம் நீர் தேங்கிக் கிடக்கும்போதும் சிறுநீரகம் ஏன் இன்னும் நீரைச் சேர்க்கிறது? பிசியாலஜியை நோயோடு சேர்த்துப் படிப்பது பற்றி

கற்பவள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டு பிசியாலஜி, அதாவது உடலியக்கவியல், எனக்குப் பிடித்த பாடம். இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிறுநீரகங்களுக்குப் போகிறது, அங்கே ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வருகிறது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்த ஆண்டு பேத்தாலஜி, அதாவது நோயியல். காரணங்கள், அறிகுறிகள், சிக்கல்கள் என்று அதையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் தளர்ந்து போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலை. கால் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது. உடம்பில் நீர் மிகுதி என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கே தெரிகிறது. நீரின் அளவைச் சரியாக வைப்பதுதான் சிறுநீரகத்தின் வேலை. அந்தச் சிறுநீரகத்திலும் நோய் இல்லை. அப்படியிருக்க, அது ஏன் உப்பையும் நீரையும் இன்னும் பிடித்துவைக்கிறது? புத்தகத்தில் "ரெனின் மிகுகிறது" என்று ஒரே வரியில் போய்விடுகிறார்கள். ஏன் மிக வேண்டும்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள் அம்மா. பல ஆண்டுகள் பிசியாலஜி நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வி ஒன்று விளங்கினால் பாதிப் பாடம் விளங்கிவிடும்.

"சிறுநீரகம் உடம்பின் நீரை அளந்து சரிசெய்கிறது" என்று நாம் சொல்வது ஒரு சுருக்கம்தான். உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்று பார்க்கும் உணரி எங்கேயும் கிடையாது. இருப்பவை என்னென்ன? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள். சிறுநீரகத்துக்குள் வரும் நுண்தமனியின் சுவரில் ரெனினைச் சுரக்கும் செல்கள். அதை ஒட்டி, நுண்குழலில் எவ்வளவு உப்பு வந்து சேர்கிறது என்று பார்க்கும் மாக்குலா டென்சா. இவை எல்லாம் தமனிப் பக்கத்து நிலவரத்தைப் பார்ப்பவை. ஆனால் ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில் இருக்கிறது. தமனிகளில் இருப்பது அதில் ஒரு சிறு பகுதி.

இதயம் தளர்ந்தால் ரத்தம் சிரைப் பக்கம் தேங்குகிறது, தமனிப் பக்கம் வரத்து குறைகிறது. ஏரி கரை புரண்டு நிற்கும்போதும், வாய்க்கால் அடைபட்டிருந்தால் கடைமடையில் இருப்பவருக்கு அது வறட்சிதான். சிறுநீரகம் கடைமடையில் இருக்கிறது. தன் கண்ணுக்குத் தெரிந்த வறட்சிக்கு அது சரியான பதிலைத்தான் தருகிறது: ரெனின், அதிலிருந்து குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின், அதிலிருந்து உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன், கூடவே பரிவு நரம்புகளின் தூண்டல், மூளையிலிருந்து நீரைப் பிடித்துவைக்கும் ஏடிஎச். எல்லாம் சேர்ந்து உப்பையும் நீரையும் உள்ளேயே நிறுத்துகின்றன. சேர்ந்த நீர் மறுபடி சிரைப் பக்கமே தேங்குகிறது.

ரத்தப்போக்கு ஏற்பட்டவரின் உடம்பில் இதே வரிசைதான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதே வரிசை, அதே ஹார்மோன்கள். இதயம் தளர்ந்தவரிடம் மட்டும் அது நோயாகிறது.

எதிர்க்குரல் கொடுக்கும் உணரி ஒன்றும் உண்டு. இதய மேலறைகள் விரிந்தால் ஏஎன்பி என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது உப்பை வெளியேற்றச் சொல்லும். 1981-இல் டி போல்டு என்பவர் எலி இதயத்தின் மேலறைச் சாற்றைக் கொண்டு இதைக் காட்டினார். அதுவரை இதயம் ஹார்மோன் சுரக்கும் என்று பெரும்பாலோர் எண்ணியதில்லை. இதயச் செயலிழப்பில் ஏஎன்பி, அதே இனத்தைச் சேர்ந்த பிஎன்பி இரண்டும் ஏறித்தான் இருக்கின்றன. பிஎன்பியை அளப்பது இன்று நோயைக் கண்டறியவே உதவுகிறது. ஆனால் ரெனின் பக்கத்துக் குரல் அதைவிடப் பலமாக இருப்பதால் உப்பு வெளியே போவதில்லை.

ஆகவே எந்த நோயை எடுத்தாலும் முதலில் கேளுங்கள்: எந்த உணரி, அது எதைப் பார்க்கிறது? "உறுப்புக்கு என்ன ஆச்சு" என்பதை அப்புறம் கேட்கலாம்.

துடிப்பு எழுதியது:

ஐயா சொன்னதோடு காலக் கணக்கையும் சேர்க்க வேண்டும். இதயநோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன், இது கண்ணெதிரே நடப்பது.

முதல் சில நாள் இந்த ஈடுகட்டல் நல்லதுதான். நீர் சேர்வதால் கீழறை கூடுதலாக நிரம்புகிறது, தசை இழை சற்று நீள்கிறது, நீண்ட தசை பலமாகச் சுருங்குகிறது. ஃபிராங்க் ஸ்டார்லிங் விதி என்று முதலாண்டில் படித்ததுதான் இங்கே வேலை செய்கிறது. மாதக்கணக்கில் போனால் கதை மாறுகிறது. ஆஞ்சியோடென்சின் தமனிகளை இறுக்குவதால் தளர்ந்த இதயம் இன்னும் பெரிய தடையை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் இதயத் தசைக்குள் நாரைச் சேர்க்கிறது. பரிவு நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் தசைச் செல்களையே நலிய வைக்கிறது. அறை விரிந்து உருண்டை வடிவமாகிறது.

இதை மருத்துவம் புரிந்துகொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தளர்ந்த இதயத்தை முடுக்கிவிடுவதுதான் வைத்தியம் என்று நெடுநாள் எண்ணினார்கள், பார்த்தால் அதுதான் நியாயமாகவும் தெரியும். 1991-இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும் மில்ரினோன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடியது. இன்னொரு பக்கம், 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் குழுவினர் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கே பீட்டா தடுப்பானைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தை மட்டுப்படுத்தும் மருந்தைத் தளர்ந்த இதயத்துக்குக் கொடுப்பதா என்று எதிர்ப்பு நிறைய இருந்தது. 1999-இல் சிபிஸ் 2, மெரிட் எச்எஃப் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் பீட்டா தடுப்பான் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டின. அதற்கு முன்பே, 1987-இல், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் கடுமையான இதயச் செயலிழப்பில் உயிர் காப்பது தெரிந்திருந்தது. உடம்பின் பதில்வினையைத் தணித்த மருந்துகள் ஆயுளைக் கூட்டின. அதை மேலும் தூண்டிய மருந்து குறைத்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூச்சுத் திணறி, நீர் நிறைந்து வந்து நிற்பவருக்கு அந்த நேரத்தில் பீட்டா தடுப்பானைப் புதிதாகத் தொடங்க மாட்டோம். அப்போது அவருடைய இதயம் அந்தத் தூண்டலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலை சீரான பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலி. தங்கச்சி, இந்த வரிசை முழுவதையும் இரவு வார்டில் பார்க்கலாம்.

பகலெல்லாம் காலில் இறங்கியிருந்த நீர், படுத்ததும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இடது இதயத்தால் அந்தக் கூடுதல் சுமையைத் தள்ள முடிவதில்லை, நுரையீரலில் தேங்குகிறது. நள்ளிரவுக்கு மேல் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்பது இதற்காகத்தான். படுத்த பிறகு சிறுநீரகத்துக்கு வரத்து கொஞ்சம் கூடுவதால் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இதே கதைதான்.

காலில் வீக்கம் இல்லை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு நீர் இடுப்பின் பின்பக்கம் இறங்கும், அங்கே அழுத்திப் பாருங்கள். குழி விழும் அளவுக்கு வீக்கம் வருவதற்கு முன்பே 2, 3 லிட்டர் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்க்கிறோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். இதைச் சலிப்பான வேலையாக நினைக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கற்பவள் எழுதியது:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. "எந்த உணரி" என்ற கேள்வியைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். வீக்கம் என்றாலே இப்படித்தானா? சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமிலும் உடம்பு வீங்குகிறது. அங்கேயும் தமனிப் பக்கம் வறண்டுதான் சிறுநீரகம் உப்பைப் பிடிக்கிறதா?

வடிகட்டி எழுதியது:

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சிறுநீரகப் பிரிவிலிருந்து எழுதுகிறேன்.

வீக்கத்துக்கு அடிப்படைக் கணக்கை ஸ்டார்லிங் 1896-இலேயே போட்டுவிட்டார். தந்துகிக்குள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்க்குள், இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்தில் உள்ள புரதம், முக்கியமாக ஆல்புமின், அதை உள்ளே இழுத்து நிறுத்துகிறது. இதோடு தந்துகிச் சுவர் எவ்வளவு கசிகிறது, கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் எவ்வளவு திரும்ப எடுத்துச் செல்கின்றன என்ற இரண்டையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது. இதயச் செயலிழப்பில் அழுத்தம் ஏறுகிறது. கடும் நோய்த்தொற்றிலும் தேனீ கொட்டும்போதும் சுவர் கசிகிறது. யானைக்கால் நோயில் நிணநீர்ப் பாதை அடைபடுகிறது. நெஃப்ரோடிக்கில் நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போய் ஆல்புமின் குறைகிறது.

ஆல்புமின் குறைந்ததால் நீர் திசுவுக்குக் கசிந்து, ரத்த அளவு குறைந்து, அதனால் ரெனின் ஏறி, அதனால் உப்பு சேர்கிறது என்றுதான் பழைய விளக்கம் போகும். படிக்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் நிறைய நோயாளிகளை அளந்து பார்த்தால் ரத்த அளவு குறைவாக இல்லை, சிலருக்கு அதிகமாகவே இருக்கிறது. ரெனினும் எல்லோருக்கும் ஏறியிருப்பதில்லை. நோயுற்ற நுண்குழல் தானாகவே உப்பைப் பிடிக்கிறது என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. வடிகட்டியில் கசிந்து வரும் பிளாஸ்மின் போன்ற நொதிகள், கடைசிக் குழலில் உள்ள சோடியம் வாயில்களைத் திறந்துவிடுகின்றன என்பது அதற்கு ஒரு விளக்கம். குழந்தைகள் சிலரிடம் பழைய விளக்கமும் பொருந்துகிறது.

ஆகவே வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: கட்டளையை நிறைவேற்றும் உறுப்பே கெட்டிருக்கிறதா? கெட்டிருந்தால், உணரி சரியாகப் பார்த்தும் பயன் இல்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

வடிகட்டி சொல்வது முழுக்கச் சரி. இரண்டு கேள்விகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

துடிப்பு தொட்ட காலக் கணக்கையும் கொஞ்சம் விரிக்கிறேன், மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் அது. ஒருவருக்குத் திடீரென ஒரு லிட்டர் ரத்தம் போய்விட்டது என்று வையுங்கள். சில நொடிகளில் நாடி வேகமாகிறது, தோலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, கை சில்லிடுகிறது. இது நரம்பின் வேலை. நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கில், திசுக்களின் நீர் தந்துகிக்குள் திரும்புகிறது, ரெனின் வரிசை ஓடுகிறது. அடுத்த நாட்களில் உப்பும் நீரும் சேர்ந்து ரத்தத்தின் கன அளவு நிமிர்கிறது. சிவப்பணுக்கள் ஈடாக வாரங்கள் ஆகும்.

இப்போது கேள்வி: அடிபட்டு வந்த உடனே ஹீமோகுளோபினைப் பார்த்தால் எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ பழையபடியேதான். போனது முழு ரத்தம், அணுவும் நீரும் ஒரே விகிதத்தில் போயிருக்கின்றன. திசு நீர் உள்ளே வந்து கலந்த பிறகுதான் எண் இறங்கும். வரிசை தெரிந்தவர் நாடியையும் தோலையும் சிறுநீர் அளவையும் பார்ப்பார். எண்ணை மட்டும் நம்பியவர் "பரவாயில்லை, 13 இருக்கிறது" என்று விட்டுவிடுவார். இந்த வேறுபாட்டில் உயிர் போயிருக்கிறது.

தேர்வறை எழுதியது:

எல்லாம் சரிதான் ஐயா. ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். தேர்வில் "நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பின் சிக்கல்களை எழுதுக" என்று கேட்கிறார்கள். பட்டியலுக்குத்தான் மதிப்பெண். அம்புக்குறி போட்டு யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். புரிந்து படித்தவனைவிடப் பட்டியலை உருப்போட்டவன் அதிக மதிப்பெண் எடுக்கிறான். இது நடைமுறை.

வடிகட்டி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பட்டியலே வேண்டாம், சிறுநீரகம் என்னென்ன செய்கிறது என்று முதலாண்டில் படித்ததை மட்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கிறது: அது குறைந்தால் ரத்தச்சோகை. வைட்டமின் டியைச் செயலாக்குகிறது: அது நின்றால் கால்சியம் குறைகிறது. பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது: அது தேங்கினால் கால்சியம் இன்னும் இறங்குகிறது. இரண்டையும் பார்த்து பாராதைராய்டு சுரப்பி பெருத்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது, எலும்பு நலிகிறது. அமிலத்தை வெளியேற்றுகிறது: தேங்கினால் அமிலமிகுதி, மூச்சு ஆழமாகிறது. பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது: தேங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். உப்பை வெளியேற்றுகிறது: தேங்கினால் ரத்த அழுத்தம். உங்கள் பட்டியலில் பெரும்பகுதி வந்துவிட்டது. உருப்போட்டவருக்கு ஐந்தாவது மறந்தால் மறந்ததுதான்.

இன்னொன்று, இது தேர்வில் வராது, ஆனால் நோயாளியிடம் தினமும் வரும். கிரியேட்டினின், தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. வடிகட்டும் திறன் பாதியானால் கிரியேட்டினின் இரட்டிப்பாகிறது. 0.6 இருந்தவருக்கு 1.2 ஆனால் ஆய்வுக்கூடத் தாளில் அது இயல்பு எல்லைக்குள்ளேயோ விளிம்பிலோதான் நிற்கும், யாரும் சிவப்பு மையில் வட்டமிட மாட்டார்கள். ஆனால் அவர் சிறுநீரகத்தின் வேலையில் பாதியை இழந்துவிட்டார். அதே ஆள் 4-லிருந்து 5-க்குப் போனால் எல்லோரும் பதறுவார்கள், ஆனால் அப்போது இழந்தது அதைவிட மிகக் குறைவு. மீதியிருக்கும் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள், கூடுதலாக உழைத்து இழப்பை மறைப்பதால், ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அந்தக் கூடுதல் உழைப்பே பின்னால் அவற்றையும் தழும்பாக்குகிறது. முதலில் அடித்த நோய் நின்ற பிறகும் சிறுநீரகம் தொடர்ந்து கெடுவதற்கு இதுதான் காரணம். புரதம் வெளியேறும் நோயாளிகளுக்கு எனலாப்ரில் போன்ற ஏசிஈ தடுப்பான் கொடுத்து, வெளியேறும் நுண்தமனியைத் தளர்த்தி, வடிகட்டும் தந்துகிக் கொத்தான குளோமெருலஸின் அழுத்தத்தை இறக்குகிறோம். தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. காரணம் தெரியாதவர் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்.

தேர்வறை எழுதியது:

கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு மூன்றையும் நான் தனித்தனிப் புள்ளிகளாக எழுதிவந்தேன். ஒரே சங்கிலியாகப் பார்த்தால் உருப்போட வேண்டியதே இல்லை போலிருக்கிறது. சரி, நுரையீரலிலும் இப்படி ஒன்று சொல்கிறேன், பாருங்கள். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபட்டிருக்கும் நோய், உள்ளவருக்கு ஆக்சிஜனை அதிகம் கொடுக்கக் கூடாது. அவர்களுக்குக் கரியமில வாயு எப்போதும் ஏறியிருப்பதால் மூளையின் உணரி பழகிவிடுகிறது, ஆக்சிஜன் குறைவு ஒன்றுதான் மூச்சைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனைக் கொடுத்தால் அந்தத் தூண்டலும் போய் மூச்சு நின்றுவிடும். உணரிக் கேள்விக்கு இது நல்ல உதாரணம்தானே?

மூச்சுக்காற்று எழுதியது:

பல பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான நிலையில் இருந்த சிஓபிடி நோயாளிகளுக்குத் தூய ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சின் அளவு முதலில் குறைந்தது, ஆனால் சில நிமிடங்களில் ஏறத்தாழ பழைய அளவுக்கே வந்துவிட்டது. கரியமில வாயு மட்டும் இறங்கவே இல்லை, ஏறியே நின்றது. மூச்சுத் தூண்டல் போனது மட்டும் காரணமென்றால் இப்படி நடக்காது.

காரணத்தை நுரையீரலுக்குள்ளேயே தேட வேண்டும். காற்று சரியாகப் போகாத பகுதிக்கு ரத்தம் போவதில் பயன் இல்லை என்பதால், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் நுண்தமனிகள் தாமாகவே இறுகும். மற்ற உறுப்புகளில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறு, அதன் வேலைக்கு அதுதான் பொருத்தம். ரத்தம் நல்ல பகுதிக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், காற்றோட்டம் இல்லாத மோசமான பகுதியிலும் ஆக்சிஜன் ஏறுகிறது, இறுகிய குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் மறுபடி அங்கே போய்க் கரியமில வாயுவை இறக்க முடியாமல் திரும்புகிறது. இத்தோடு ஹால்டேன் விளைவு: ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கரியமில வாயுவைக் குறைவாகத்தான் தாங்கும், அது ரத்தத்தில் வெளிப்படும். உடல்நலம் உள்ளவர் கொஞ்சம் கூடுதலாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிடுவார், இவர்களால் அது முடியாது. மூச்சுத் தூண்டல் குறைவதும் ஓரளவு பங்கு வகிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்" என்று பயந்து, நீலம் பாரித்து வருபவருக்கே ஆக்சிஜனைத் தராமல் விடுகிறார்கள். ஆக்சிஜன் குறைவு சில நிமிடங்களில் கொல்லும். செய்ய வேண்டியது, ஆக்சிஜன் செறிவை 88-லிருந்து 92 சதவீதத்துக்குள் நிறுத்துவது, ரத்த வாயுப் பரிசோதனை செய்வது, கரியமில வாயு ஏறினால் முகமூடி வழியாக மூச்சுக்கு இயந்திர உதவி தருவது. ஒருபோதும் ஆக்சிஜனைச் சட்டென்று முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் குழாய் இறுக்கமே ஆண்டுக்கணக்கில், நுரையீரல் முழுவதும் நீடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி வலது இதயம் பெருத்துத் தளரும். கால் வீங்கும். கால் வீங்கிய நோயாளியின் நோய் நுரையீரலில் இருக்கலாம்.

இரவுப்பணி எழுதியது:

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவில் கீட்டோன் ஏறி, மயங்கிய நிலையில் வருபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகவோ இயல்பாகவோ இருக்கும். ஆனால் இன்சுலின் தொடங்கிய பின் நரம்பு வழித் திரவத்தில் பொட்டாசியத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். புதிதாக வரும் தங்கைகள் திகைத்து நிற்கிறார்கள். நான் விளக்குவதைவிட நீங்கள் யாராவது விளக்கினால் அவர்களுக்கு அனுப்பிவிடுவேன்.

வடிகட்டி எழுதியது:

அக்கா, உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. நாம் ஊசியில் எடுத்து அளப்பது வெளியே இருக்கும் மீதி 2 சதவீதத்தை. இன்சுலின்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், இவர்களிடம் அது போதிய அளவு இல்லை. சர்க்கரை ஏறிய ரத்தம் செல்லிலிருந்து நீரை இழுக்கிறது, நீரோடு பொட்டாசியமும் வெளியே வருகிறது. வெளியே வந்தது சர்க்கரையோடும் நீரோடும் சிறுநீரில் நாள்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. ஆக ரத்தத்தில் எண் கூடுதல், உடம்பில் இருப்பு பெருங்குறைவு. இன்சுலின் கொடுத்த உடனே வெளியே இருந்ததெல்லாம் உள்ளே ஓடும், எண் சரியும், இதயத் துடிப்பு கெடும். அதனால்தான் பொட்டாசியம் இயல்பாக இருக்கும்போதே, சிறுநீர் பிரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, சேர்க்கத் தொடங்குகிறோம். வந்தபோதே குறைவாக இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பொட்டாசியம்தான். தங்கைகளுக்கு இதை அனுப்புங்கள்.

கற்பவள் எழுதியது:

ஐயா, இந்த வாரம் கல்லீரல் பாடம். சிரோசிஸில் வயிற்றில் நீர் கோப்பதை நானே சங்கிலியாக எழுதிப் பார்த்தேன்.

கல்லீரலில் தழும்பு. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் போர்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. குடல் பக்கத்து ரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து அவை விரிகின்றன. தமனிப் பக்கம் வறட்சி என்று உணரிகள் சொல்கின்றன. ரெனின், ஆல்டோஸ்டிரோன். உப்பும் நீரும் சேர்கின்றன. போர்டல் அழுத்தம் கூடுதல், ஆல்புமின் குறைவு, அதனால் சேர்ந்த நீர் வயிற்றில் கசிகிறது. ஆல்டோஸ்டிரோன்தான் இங்கே முக்கியம் என்பதால் அதைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனை முதல் மருந்தாகத் தருகிறார்கள் என்பதும் இதிலிருந்தே வந்துவிட்டது.

ஆனால் ஓர் இடம் உறுத்துகிறது. சிரோசிஸ் நோயாளிக்கு இதயம் குறைவாக இறைப்பதில்லை, அதிகமாகவே இறைக்கிறது என்று படித்தேன். கை சூடாக இருக்கும், நாடி துள்ளும். ரத்தம் இவ்வளவு ஓடும்போது உணரிக்கு வறட்சி எப்படித் தெரியும்?

பழைய வாத்தியார் எழுதியது:

சங்கிலி அருமையாக வந்திருக்கிறது அம்மா. உறுத்தும் இடமும் சரியான இடம்தான். அந்த உணரிகள் ஓட்டத்தை அளப்பதில்லை, தமனிச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. அழுத்தம் என்பது இறைக்கும் அளவையும் குழாய்களின் தடையையும் பெருக்கி வருவது. இதயச் செயலிழப்பில் இறைப்பது குறைந்தது. இங்கே இறைப்பது கூடியும், குழாய்கள் அதைவிட அதிகமாக விரிந்துவிட்டதால் தடை சரிந்துவிட்டது. இரண்டு இடத்திலும் சுவர் தளர்ந்துதான் இருக்கிறது, உணரிக்கு வேறுபாடு தெரியாது.

நோய் முற்றினால் சிறுநீரகத்தின் குழாய்கள் இறுகி இறுகி, சிறுநீரே நின்றுவிடும். அப்படி இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள், அவை வேலை செய்தன. 1969-இல் காப்பெல் குழுவினர் இதை வெளியிட்டார்கள். வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீரை வடித்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமினை ஏற்றுவதும், விரிந்த குழாய்களை இறுக்க டெர்லிப்ரெசின் தருவதும், உங்கள் சங்கிலியில் எந்த அம்புக்குறியைத் தடுக்கின்றன என்று குறித்துப் பாருங்கள்.

வடிகட்டி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், இது எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வந்து சேரும் கதை. இதயச் செயலிழப்பு, சிரோசிஸ், கடும் வயிற்றுப்போக்கு, மூன்றிலும் ஆஞ்சியோடென்சின் ஏறியிருக்கும்போது, சிறுநீரகம் தன் உள்வரும் நுண்தமனி முழுவதும் இறுகிவிடாமல் புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து திறந்து வைத்துக்கொள்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்திவிடும், உள்வழி இறுகும். அவர் ஏற்கெனவே ஏசிஈ தடுப்பான் சாப்பிடுபவர் என்றால் வெளிவழியும் தளர்ந்திருக்கும். உள்ளே வருவது குறைவு, வெளியே போவது எளிது, வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குச் சிறுநீர் நின்றுவிடுகிறது.

கற்பவள் எழுதியது:

அப்படியானால் நல்ல உடல்நலம் உள்ளவர் இரண்டு நாள் அதே வலி மாத்திரையைச் சாப்பிட்டால் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

வடிகட்டி எழுதியது:

அவருக்கு ஆஞ்சியோடென்சின் ஏறவில்லை. நுண்தமனியை இறுக்க யாரும் இல்லை, ஆகவே திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டினும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஒன்றை மாத்திரை நிறுத்துகிறது. அதே ஆளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, நீர் வற்றி, அந்த நேரத்தில் காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் அதே மாத்திரையைப் போட்டால் நிலைமை மாறிவிடும். அதனால் வாந்தி, வயிற்றுப்போக்கோடு வருபவரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வலி மாத்திரையை மருந்தாகவே நினைக்காதவர்கள் நிறையப் பேர், பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சொல்வார்கள்.